காத்தில்ல, நான்தான்

எங்க தெருவுல கம்ப்யூட்டருக்குள்ள இருந்து கல்லு வந்துச்சுன்னு சொன்னா, வெளியூர்க்காரங்க எல்லாரும் அது எப்படி வரும்னுதான் கேக்காங்க. எப்படி வரும்னா எனக்கென்ன தெரியும்? தருவைப்பட்டி உப்பளத்துத் தெருவுல அறுபத்திநாலு வீடு இருக்கு, அறுபத்திநாலு வீட்டுலயும் ஒருத்தர்கூட அந்தக் கேள்வியக் கேக்கல. கல்லு வந்த அன்னைக்கு எங்க தெருவுல எல்லாரும் கேட்டது, "இத இத்தன நாளா எவன் வச்சிருந்தான்?" அதுதான் முறையான கேள்வி, அதக் கேக்கத்தான் இந்த ஊருல ஒரு பெரிய மனுசனுக்கும் நாக்கு வரல.

ஒரு செவ்வாக்கிழமை, மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு, என்னோட பிரௌசிங் சென்டர்ல, மூணாம் நம்பர் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டர் மேசைக்கும் நடுவுல, முழங்கால் உசரத்துக்குக் கருங்கல்லு ஒண்ணு வந்து நின்னுச்சு. தலையில அம்புக்குறி, அதுக்குக் கீழ 217ன்னு நம்பர். கல்லு பூரா சோப்பு நுரை. ஒரு பக்கத்துல யாரோ பாதி துவைச்ச தலையணை உறை ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு, பூ போட்ட நல்ல உறை. என் தங்கச்சி ஜெயக்கனி எட்டு மாச வயித்தோட, மௌஸ்ல இருந்து கைய எடுக்காம, தபால் வந்துட்டுன்னு சொல்லுத மாதிரி, "அக்கா, கல்லு வந்துட்டு"ன்னா.

அரைமணி நேரத்துல தெருவே கூடிப்போச்சு. உப்பளத்துல இருந்து திரும்புன பொம்பளைங்க காலு கழுவாம அப்படியே வந்து, முதல்ல நுரைய மோந்து பாத்தாங்க, இது என்ன சோப்புன்னு பத்து நிமிசம் சண்டை போட்டாங்க, கடைசியில இந்த சோப்ப நம்ம தெருவுல எவளும் வாங்குறதில்ல, இது பங்களா சோப்புன்னு முடிவு கட்டுனாங்க. அதுக்கப்புறந்தான் எல்லாருக்கும் எரிஞ்சுச்சு பாருங்க. முடுக்குக் கல்லைத் திருடுனதுகூடப் பெருசில்ல, திருடுன கல்லை ஒளிச்சு வைக்கணும்கிற பயம்கூட இல்லாம, அதக் கொண்டுபோயிக் குழாயடியில போட்டு, அதுமேல நாலு வருசமா அழுக்குத்துணிய அடிச்சுத் துவைச்சிருக்கான். அட, திருடனுக்குன்னு ஒரு கூச்சம் வேண்டாமா?

அது என்ன கல்லுன்னு சொல்லணுமில்ல. எங்க தெரு முடியுற எடத்துல ஒரு முடுக்கு உண்டு, ஆட்டோ ஒண்ணு தாராளமாப் போற அகலம், அதுக்குள்ள போனா நேரா கவர்மெண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏறலாம். அது யாரு சொத்தும் இல்ல, எல்லாரும் நடக்கிற புறம்போக்கு. நாலு வருசத்துக்கு முன்ன ஐஸ் கம்பெனி முதலாளி தெய்வசிகாமணி அந்தப் பக்கம் பங்களா கட்டுனாரு. கட்டட்டும், அவரு சிமெண்டு, அவரு கம்பி. ஆனா கட்டும்போது முடுக்கையும் சேத்து வளைச்சுக் காம்பவுண்டு எழுப்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் அவரு காரு போக வாசல விட்டுட்டு, எங்க தெருப் பக்கம் பத்தடி உசரத்துக்குத் தகரக் கதவு போட்டுட்டாரு, உள்ள யாரு நிக்கான்னு ஒரு ஓட்டை வழியாக்கூடத் தெரியாது. கேட்டா, இது என் எடம்ங்கிறாரு. தாலுகா ஆபீசுல மனு குடுத்தோம், சர்வேயர் வந்தாரு, படத்த விரிச்சுப் பாத்தாரு, "முடுக்கு இருக்கு, படத்துல இருக்கு, 217ன்னு எல்லைக்கல்லும் இருக்கு, ஆனா எடத்துல கல்லு இல்லியே, கல்லு இல்லாம நான் எங்கேருந்து அளக்க?"ன்னு கேட்டுட்டு, படத்தச் சுருட்டிட்டுப் போயிட்டாரு. கல்லைக் காணோம்னு தனியா ஒரு மனு குடுக்கச் சொன்னாங்க, குடுத்தோம். அந்த ஆபீசர் மாறிட்டாரு, முதல்ல இருந்து குடுங்கன்னாங்க, குடுத்தோம். கையெழுத்து ஒரு பக்கத்துல விட்டுப்போச்சு, முதல்ல இருந்து குடுங்கன்னாங்க, அதையும் குடுத்தோம். எல்லாத்தையும் டைப் அடிச்சது நான்தான், முப்பத்தோரு மனு, முப்பத்தொண்ணும் "ஐயா வணக்கம்"னுதான் ஆரம்பிக்கும், இப்ப அந்த ரெண்டு வார்த்தைய நான் கண்ண மூடிக்கிட்டே அடிச்சிருவேன்.

மூணு வருசத்துக்கு முன்ன, ஐப்பசி மழையில, பகல் பதினோரு மணிக்குக் கனிக்கு வலி எடுத்துச்சு. அவ வீட்டுக்காரரு மஸ்கட்ல, நான்தான் ஆட்டோவுல ஏத்துனேன். முடுக்கு இல்ல, அதனால உப்பளக் கரையச் சுத்தி, ரயில்வே கேட்டு வழியாத்தான் போகணும், கேட்டுல கூட்ஸ் வண்டி நின்னுச்சு. நாப்பது நிமிசம். ஆண்பிள்ளை, ஆட்டோவுலயே பொறந்தான், அழல. எங்க மொட்டைமாடியில நின்னா ஆஸ்பத்திரியோட மஞ்சச் சுவரு தெரியும், அங்க காயப்போட்டிருக்கிற போர்வையில என்ன நிறம்னுகூடச் சொல்லிரலாம். அந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டே மூணு வருசம் துணி காயப்போட்டிருக்கோம் நாங்க.

அதுக்கப்புறம் கனி யாருகிட்டயும் பேசுறதில்ல. மத்தியானம் சென்டர்ல ஆள் வரத்து இருக்காது, மூணாம் நம்பர்ல உக்காந்து ஒரு பழைய விளையாட்ட விளையாடுவா. செகண்ட் ஹேண்டுல வாங்குன கம்ப்யூட்டர், அதுக்குள்ளயே கிடந்த விளையாட்டு அது. முகத்த மூடுன திருடன் ஒருத்தன் ஒரு பிரபுவோட மாளிகைக்குள்ள யாரு கண்ணுலயும் படாமப் போயி, உள்ளறையில இருக்கிற தங்கக் கிண்ணத்த எடுத்துட்டு வரணும், அதுதான் முதல் கட்டம். சண்டை போடக்கூடாது, வெளிச்சத்துல நிக்கக்கூடாது, கம்பளத்துல நடக்கணும், கல்தரையில நடந்தா பூட்சு சத்தம் கேட்டுக் காவக்காரன் திரும்பிருவான். "யாரது?"ன்னு கேப்பான். அப்ப இருட்டு மூலையில மூச்சக் காட்டாம நின்னா, கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஒண்ணுமில்ல, காத்து"ன்னு அவனே சொல்லிக்கிட்டுப் போயிருவான். கிண்ணத்த எடுத்து வெளிய வந்தா ரெண்டாம் கட்டம் வரணும், ஆனா வராது, யாரோ அரைகுறையா ஏத்துன விளையாட்டு, திரை கறுத்து மறுபடியும் முதல் கட்டமே வந்து நிக்கும். மூணு வருசமா அந்த முதல் கட்டத்தையே அவ விளையாடுனா. ஏம்டி, சலிக்கலியான்னு ஒருநாள் கேட்டேன். "நீ மனு அடிக்கிறது சலிக்கலியா?"ன்னா.

இந்தத் தடவை வீட்டுக்காரரு லீவுல வந்துட்டுப் போன பிறகு மறுபடி உண்டானா. டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, வலி எடுத்தா அரைமணிக்குள்ள இங்க இருக்கணும், ஒரு நிமிசம் கூடுனாலும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. சுத்துவழி நாப்பது நிமிசம். அரைமணிக்கும் நாப்பதுக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பத்து நிமிசந்தான் எங்க வீட்டுல ராப்பகலா உக்காந்திருந்துச்சு, சோத்துத் தட்டு முன்னாலயும் அதுதான் உக்காந்திருந்துச்சு. வேற ஊருல போயித் தங்கிக்கோங்கன்னு புத்தி சொன்னவங்க உண்டு. எதுக்குத் தங்கணும்? கண்ணு முன்னாடி ஆஸ்பத்திரி இருக்கு.

எட்டாம் மாசம் பொறந்த சமயத்துலதான் விளையாட்டுல இருக்கிற காவக்காரன் தமிழ்ல பேச ஆரம்பிச்சான். அதுவரைக்கும் இங்கிலீஷ்லதான் முனகுவான். அன்னைக்கு, "இந்த பூட்சு ரெண்டு சைசு சின்னது, காலு வலிக்கு"ன்னான். கனி என்னத் திரும்பிப் பாத்தா, நான் அவளப் பாத்தேன், ரெண்டு பேருக்கும் குரல் தெரியும், எங்க தெரு ஒம்பதாவது வீட்டு இஸ்ரவேலண்ணன். பங்களாவுல வாட்ச்மேன். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அவரு தெருவுல தலை நிமிந்து நடக்கிறதில்ல, நாங்களும் அவருகிட்ட முகங்குடுத்துப் பேசுறதில்ல. அடுத்த நாள் மாளிகையோட தூணெல்லாம் பச்சைப் பெயிண்டு அடிச்சிருந்துச்சு, பங்களா தூணு மாதிரியே. கனி விளையாடிக்கிட்டே இருந்தா.

அந்தச் செவ்வாக்கிழமை அவ கல்தரையில கால வச்சுட்டா. "யாரது?"ன்னு காவக்காரன் திரும்புனான், அவ மூலைக்குப் போயிட்டா, அவன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஒண்ணுமில்ல, காத்து"ன்னான். கனிக்கு முகமெல்லாம் செவந்துபோச்சு. "முப்பத்தோரு மனு குடுத்தோம், காத்தாம். என் பிள்ளை போச்சு, காத்தாம். எத்தன பேரு வாசல்ல நின்னு கத்துனாலும் உள்ள இருக்கிறவனுக்குக் காத்தாத்தான் இருக்கும் போல. நான் எதுக்குடா இருட்டுல நிக்கணும், நானா திருடுனேன்?"ன்னு சொல்லிக்கிட்டே, அந்த முகத்த மூடுன ஆளை மூலையில இருந்து வெளிய கொண்டுவந்து, விளக்குக்கு நேர் கீழ நிறுத்தி, கம்ப்யூட்டரப் பாத்துச் சத்தமாச் சொன்னா: "காத்தில்ல, நான்தான்."

இது எங்க தெருவோட பேச்சு. யாரு வீட்டுக் கதவத் தட்டுனாலும் உள்ள இருந்து யாரதுன்னு கேப்பாங்க, நாங்க பேரு சொல்ல மாட்டோம், நான்தான்னு மட்டும் சொல்லுவோம், குரல் தெரியும், கதவு திறக்கும். அதுக்குமேல ஒருத்தர், "நான்னா யாரு?"ன்னு கேட்டுட்டா, உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம், அப்படிக் கேட்ட வீட்டுல அப்புறம் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். திரையில அந்தக் காவக்காரன் ஈட்டியத் தூக்குனபடி நின்னான். அப்புறம் ஈட்டிய இறக்கிட்டு, "அதான பாத்தேன்"னு சொல்லி, சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான். கனி நடுக்கம்பளத்துல நடந்து உள்ளறைக்குப் போனா, பட்டுத்துணி மேல தங்கக் கிண்ணம் இருக்கவேண்டிய எடத்துல கல்லு இருந்துச்சு, ஒரு தட்டுத் தட்டுனா, எடுத்துட்டா.

அன்னைக்குச் சாயந்திரம் சரியா ஆறு மணிக்குக் கல்லு மறைஞ்சுபோச்சு, தரையில சோப்புத் தண்ணி மட்டும் வட்டமா இருந்துச்சு. எல்லாரும் தலையில கைய வச்சாங்க. கனிதான் சொன்னா, "ரெண்டாம் கட்டம் இல்லாத விளையாட்டுக்கா இது, முதல்ல இருந்து ஆரம்பிக்கும், நாளைக்கு மறுபடி எடுப்பேன்"னு. மறுநாள் ரெண்டே முக்காலுக்கு மறுபடி எடுத்தா. அதுக்கு மறுநாளும் எடுத்தா. அப்படியே தெரு அதுக்குப் பழகிக்கிச்சு. கல்லு வார நேரத்துக்கு டீக்கடைக்காரரு பால் ஏத்துவாரு, உப்பளத்துப் பொம்பளைங்க கல்லோட வந்த துணிய அலசிக் காயப்போட்டு மடிச்சு, பங்களாவுக்குக் குடுத்துவிடுவாங்க, அடுத்தவங்க துணி நமக்கெதுக்குன்னு. ரெண்டு பேரு மஞ்சள் பூச வந்தாங்க, நான் விடல, சாமியாக்கிட்டா அப்புறம் எவனும் அளக்க மாட்டான், கும்பிட்டுட்டுப் போயிருவான்னு சொன்னேன்.

சர்வேயருக்குப் போன் போட்டேன். கல்லு கிடைச்சிட்டு சார், மத்தியானம் ரெண்டே முக்கால்ல இருந்து ஆறு மணி வரைக்கும் இருக்கும், வாங்கன்னேன். அவரும் ஆச்சரியப்படல, அதச் சொல்லணும். "ஃபீல்டுல போயி அளக்குறது காலையில பதினோரு மணிக்கு முன்னாடிதாம்மா, மத்தியானம் ஆபீஸ் வேலை"ன்னாரு. சரி சார், கல்லையாவது ஒரு எட்டு பாருங்கன்னா, "எடத்துல நட்டிருந்தாத்தாம்மா அது சர்வே கல்லு, உங்க கடையில இருந்தா வெறும் கல்லு"ன்னுட்டாரு. கல்லு நடவேண்டிய குழி தகரக் கதவுக்கு உள்ள இருக்கு, நாங்க வெளிய இருக்கோம். வாயில நல்லா வந்துச்சு எனக்கு, போன வச்சுட்டேன்.

பத்தாம் நாள் பங்களா மேனேஜர் வந்தாரு. வெள்ளைச் சட்டை, கையில ஃபைலு. "எங்க கல்லைத் திருடி வச்சிருக்கீங்களாமே?"ன்னாரு.

"உங்க கல்லா? என்ன கல்லு?"ன்னேன்.

"துவைக்கிற கல்லு. தினமும் துவைச்சுக்கிட்டு இருக்கும்போதே காணாமப் போவுது. வேலைக்காரம்மா பயந்து நின்னுட்டாங்க."

"அடையாளம் சொல்லுங்க, பாப்போம்."

"கருங்கல்லு. மேல அம்புக்குறி இருக்கும், 217ன்னு போட்டிருக்கும்"னு வாய் கூசாமச் சொன்னாரு. தெருவே கொல்லுன்னு சிரிச்சுச்சு. அவருக்கு எதுக்குச் சிரிக்கோம்னுகூடப் புரியல. துவைக்கிற கல்லுக்கு எதுக்குய்யா நம்பருன்னு ஒரு கெழவனாரு கேட்டாரு. "எல்லாக் கல்லுலயும் ஏதாவது போட்டுத்தான இருக்கும்"னு சொல்லிட்டு, ஃபைல அக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. எனக்குச் சிரிப்பு அடங்குனதும் அழுகை வந்துச்சு. திருடுனத ஒத்துக்கிட்டது மாதிரிகூட அவங்களுக்குத் தோணல, அவங்க கைக்கு வந்ததெல்லாம் அவங்களுதுன்னு அவ்வளவு நிச்சயம்.

மறுநாள் முதலாளி ஏஜென்சியில இருந்து ஆறு காவக்காரங்களக் கூட்டிட்டு வந்து, குழாயடியில கல்லைச் சுத்தி நிறுத்துனாரு. அன்னைக்கு மத்தியானமே விளையாட்டுலயும் ஆறு பேரு கூடிட்டாங்க, புது ஆளுங்க. அவங்ககிட்ட நான்தான்னு சொன்னதுக்கு, "நான்னா யாரு?"ன்னு கேட்டாங்க. கனி அவங்க ஆறு பேருக்கு மட்டும் ஒளிஞ்சு ஒளிஞ்சு, இஸ்ரவேலண்ணன் குரல் கேக்கிற பக்கமாச் சுத்திப் போயி எடுத்தா, கல்லு வரவும் அவ வேர்த்து விறுவிறுத்து நாற்காலியில சாய்ஞ்சா. இனிமே விளையாடாதடின்னு சொன்னேன். கல்லு இங்க வந்தாத்தான் முடுக்கு எங்களுதுன்னு எனக்கு நெனப்பிருக்கும்னா.

ஒம்பதாம் மாசம் பொறந்து நாலாம் நாள், அன்னைக்கும் ரெண்டே முக்காலுக்குக் கல்லு வந்துச்சு. மூணு மணிக்குக் கனி, "அக்கா"ன்னா. நாள் இன்னும் இருக்கு, ஆனா அவ அக்கான்னு கூப்பிட்ட அந்தக் குரலே சொல்லிருச்சு. நாற்காலிக்குக் கீழ தரை நனைஞ்சிருந்துச்சு.

ஆட்டோ வரவே இருபது நிமிசம் ஆச்சு. டிரைவரு சுத்துவழிக்குத் திருப்புனான், கனி அவன் தோளப் புடிச்சு, "முடுக்குக்குப் போ"ன்னா. கதவு பூட்டியிருக்கும் கனின்னு நான் கத்துறேன், மிச்சமிருக்கிற பத்து நிமிசமும் இதுலயே போகுது, மூணு வருசத்துக்கு முன்ன பாத்தது எல்லாம் எனக்குக் கண்ணுல வந்துட்டு. "எனக்கு அந்த வழி வேண்டாம், அந்த வழியில ஒரு பிள்ளைய விட்டுட்டேன், முடுக்குக்குப் போ"ன்னா. ஆட்டோ தகரக் கதவு முன்னால போயி நின்னுச்சு. பின்னாலயே தெரு வந்துச்சு, உப்புப்பெட்டி சுமந்து பழகுன பொம்பளைங்க நாலு பேரு கல்லை மாத்தி மாத்தித் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்துட்டாங்க, யாரும் சொல்லல, கல்லை விட்டுட்டு வர அவங்களுக்கு மனசு வரல.

நான் கதவத் தட்டுனேன். ஏஜென்சி ஆளுங்க ஆறு பேரும் குழாயடியில காணாமப் போன கல்லுக்குக் காவல் நிக்காங்க, கதவுல ஒரே ஒரு ஆளுதான் நிப்பாரு. உள்ள இருந்து, "யாரது?"ன்னு குரல் வந்துச்சு. அவருக்கு உத்தரவு என்னன்னு எல்லாருக்கும் தெரியும், பேரக் கேட்டு நோட்டுல எழுதி, மேனேஜருக்குப் போன் போட்டு, அப்புறந்தான் தாழ்ப்பாள்ல கைய வைக்கணும். அறுபத்திநாலு வீட்டு ஆளும் வாயத் திறக்கல. கனி ஆட்டோ கம்பியப் புடிச்சுக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, மூச்ச எடுத்துச் சொன்னா: "காத்தில்லண்ணே, நான்தான்."

அவரு அடுத்து என்ன கேக்கப் போறாருன்னுதான் எல்லாரும் தகரத்தப் பாத்துக்கிட்டு நின்னோம். நான்னா யாருன்னு கேட்டுட்டா என்ன செய்யப் போறோம்னு எனக்குத் தெரியல, அந்தத் தகரத்த என் நகத்தாலயே கிழிச்சிருப்பேன்னு மட்டும் தெரியும். அப்புறம் தாழ்ப்பாள் இழுபடுற சத்தம் கேட்டுச்சு. கதவு திறந்துச்சு. இஸ்ரவேலண்ணன் கண்ணு கலங்கி நின்னாரு. "தெனமும் ரெண்டே முக்காலுக்கு உன் குரல் கேக்கத்தான் செஞ்சுச்சு தாயி, காத்துன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்"னாரு. போண்ணே அங்கிட்டுன்னு நான் கத்துனேன், அவரு விலகுனாரு, ஆட்டோ நுழைஞ்சுச்சு. எனக்கு அவரு மேல அன்னைக்கும் கோவம் போகல, இன்னைக்கும் முழுசாப் போகல, அதையும் சொல்லிருதேன்.

அதுக்கப்புறம் முடுக்குல நடந்தது மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொம்பளைங்க கல்லை இறக்கி வச்சுட்டு எந்த எடம்னு தெரியாம நின்னாங்களாம். அண்ணன்தான் கடப்பாறை எடுத்துட்டு வந்து, "புடுங்குனவனுக்கு எடம் தெரியும், நகருங்க"ன்னு சொல்லி, அந்தச் சின்ன பூட்சக் கழட்டி எறிஞ்சுட்டு, வெறுங்காலோட நின்னு தோண்டிக் கல்லை நட்டாராம். பால்கனியில இருந்து முதலாளி, "யாரைக் கேட்டுக் கதவத் தொறந்த? யாருல அங்க?"ன்னு கத்த, கீழ இருந்து தெரு மொத்தமும், "நாங்கதான்"னு சொல்லுச்சாம். ஆறு காவக்காரங்களும் ஓடி வந்து பாத்துட்டு, கல்லைச் சுத்தி இத்தன பேரு உக்காந்திருக்கிறதப் பாத்து, எங்களுக்குக் குழாயடிக் கல்லுக்குத்தான் உத்தரவுன்னு திரும்பிப் போயிட்டாங்களாம்.

ஆறு மணிக்கு எனக்குப் போன் வந்துச்சு, கல்லு இருக்குன்னு. ஆறேகாலுக்கு மறுபடி வந்துச்சு, இன்னும் இருக்குன்னு. ஏழு மணிக்கு டீக்கடைக்காரரு கூப்பிட்டு, காலையில பதினோரு மணிக்கு முன்னாடி சர்வேயர வரச் சொல்லு புஷ்பம், கல்லு எடத்துலயே நிக்கு, நாங்களும் எந்திரிக்கப் போறதில்லன்னாரு.

பிள்ளை நாலரைக்கே பொறந்துட்டா, பொட்டப்பிள்ளை. அவ அழுத அழுகை வராந்தா கடைசி வரைக்கும் கேட்டுச்சு, இத்தனைக்கும் நடுவுல ரெண்டு கதவு இருந்துச்சு. டாக்டரம்மா, நல்ல நேரத்துல கொண்டாந்தீங்கன்னு சொல்லிட்டுக் கையக் கழுவுனாங்க. நான் கனி பக்கத்துல உக்காந்து, கல்லு எடத்துல நட்டது, ஆறு மணிக்கும் போகாம நிக்கிறது, எல்லாம் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே பிள்ளையோட விரல விரிச்சு விரிச்சுப் பாத்தா.

"நாம முடுக்குக்குள்ள நுழைஞ்சு இங்க வந்து சேர எவ்வளவு நேரமாச்சுக்கா?"ன்னு கேட்டா.

நான் மணி பாத்திருந்தேன். "நாலு நிமிசம்"னேன்.

அவ பிள்ளைய நெஞ்சோட சேத்துக்கிட்டு வெளிய பாத்தா. ஜன்னல் வழியா எங்க மொட்டைமாடி தெரிஞ்சுச்சு, காலையில நான் காயப்போட்ட துணி இன்னும் எடுக்காமக் கிடந்துச்சு.

"மூத்தவனுக்கும் அந்த நாலு நிமிசந்தானக்கா வேண்டியிருந்துச்சு"னா.